பார்த்திருந்தவன் பேரில் குற்றமா?



சென்ற பாஸ்குக் காலத்தில் வீடு மந்திரிக்கப் போனபோது, ஒரு வாலிபன் என்னை வழியனுப்ப வாசல் மட்டும் வந்தவன், உள்ளே போகாமல் தயங்கி நின்றான். அனல்மின் நிலையம் ஒன்றில் அவனுக்கு வேலை. பாய்லரையும் டர்பைனையும் கன்ட்ரோல் ரூமில் இருந்தபடியே கண்காணிக்கிற உத்தியோகம். "சாமி, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்து, நான் சற்றும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டான்.

"ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தால், காலை ஆறு மணி மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. நிலக்கரி எவ்வளவு போகவேண்டும், தண்ணீர் எவ்வளவு ஏறவேண்டும், காற்று எவ்வளவு என்பதையெல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. என் கைக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் என்றைக்காவது ஒன்று நடந்துவிட்டால், 'அப்போது டியூட்டியில் இருந்தவன் யார்?' என்று முதலில் என் பேரைத்தான் தேடுவார்கள். நான் செய்யாத வேலைக்கு நான் எப்படி சாமி உத்தரவாதி? இல்லை, ஒன்றும் செய்யாமல் சம்பளம் வாங்குகிறேனே, அதுதான் பாவமா?"

இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட காரியமன்று. அவனுடைய தாயாரும் பக்கத்தில் இருக்க, வாசற்படியில் கேட்டது. எழுதலாமா என்று அவனிடம் உத்தரவு பெற்றே எழுதுகிறேன். அன்று இன்னும் பதினான்கு வீடுகள் பாக்கி இருந்தபடியால், யோசித்துச் சொல்லுகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். யோசனை நான் நினைத்ததைவிட நீண்டு போயிற்று.

சம்பளத்தைப் பற்றிய சந்தேகம் இலேசானது. அதை முதலில் தீர்த்துவிடுவோம். இரவுக் காவற்காரனுக்குத் திருடன் வராத இரவுக்கும் கூலி உண்டு. தீயணைப்புப் படையினர் நெருப்பில்லாத நாளிலும் சம்பளம் வாங்குகிறார்கள். அதை யாரும் திருட்டு என்று சொல்லுவதில்லை. தயாராக இருப்பதும் வேலைதான். ஆனால் உண்மையிலேயே தயாராக இருக்கவேண்டும். சிக்கல் எல்லாம் அந்த வார்த்தையில்தான் இருக்கிறது.

சிறு பிள்ளையில் ஞானோபதேசத்தில் நாம் படித்தது ஞாபகம் இருக்கும். ஒரு செயல் சாவான பாவமாவதற்குக் கனமான காரியமும், முழு அறிவும், முழுச் சம்மதமும் வேண்டும். அறியாமல் செய்ததற்கும், மனதின்றிச் செய்ததற்கும் குற்றம் குறையும், அல்லது இல்லாமலே போகும். செய்யவேண்டியதைச் செய்யாமல் விடுவதும் குற்றமே. ஆனால் அதைச் செய்யக் கூடியவனாக அவன் இருந்திருக்கவேண்டும். ஆகாததற்கு யாரும் கட்டுப்பட்டவரல்லர் என்பது பழைய சட்டம். இதுமட்டும் எளிது. இத்தோடு வேத சாஸ்திரிகள் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுவார்கள்: காரணத்தில் கொடுத்த சம்மதம். குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவனை மோதியவன், மோதிய நிமிஷத்தில் தனக்கு அறிவில்லை என்று தப்பித்துக்கொள்ள முடியாது. அறிவோடு இருந்தபோது, வண்டி ஓட்டப்போகிறோம் என்று தெரிந்தே குடித்தானல்லவா? அங்கேயே அவன் சம்மதம் கொடுத்துவிட்டான். இந்த விதியைச் சற்றுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் நினைக்கிறதைவிட அதிகம் பேரை அது பிடிக்கும்.

இனி, அந்த வாலிபனுடைய சந்தேகத்துக்கு அச்சாகப் பொருந்தும் ஒரு வழக்கைச் சொல்லுகிறேன். 2018-ஆம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி இரவு பத்து மணி சுமாருக்கு, அமெரிக்காவில் அரிசோனா மாகாணத்து டெம்ப்பி நகரில், தானாக ஓடும் மோட்டார் கார் ஒன்று மோதி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு ஸ்திரீ இறந்துபோனாள். ஊபர் கம்பெனி பரீட்சைக்காக ஓட்டிய கார் அது. ஓட்டுநர் ஆசனத்திலும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஓட்டுவதற்காக அல்ல, கார் தவறினால் பிடித்துக்கொள்வதற்காக. அவளுடைய கைபேசியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது என்றும், அவள் பார்வை பல தடவை சாலையை விட்டுக் கீழே போயிற்று என்றும் விசாரணையில் கண்டார்கள்.

இதோடு நிறுத்தினால் காரியம் முடிந்தது, குற்றவாளி அவளே. ஆனால் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2019-இல் வெளியிட்ட முடிவுகளைப் படித்தால் வேறு சிலவும் தெரிகின்றன. காரின் கருவிகள், மோதலுக்கு 5.6 விநாடிக்கு முன்பே எதிரில் ஏதோ இருப்பதைக் கண்டுவிட்டன. கண்டது இன்னதென்று தீர்மானிக்க முடியாமல், வாகனம் என்றும், வேறேதோ என்றும், சைக்கிள் என்றும் மாற்றி மாற்றிப் பேர் வைத்துக்கொண்டிருந்தன. நடப்பதற்கென்று குறிக்கப்படாத இடத்தில் மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதே அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கப்படவில்லை! (நம் ஊர்க் கடைத்தெருவில் அந்தக் கார் ஒரு பர்லாங்கு போயிருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.) காரைத் தயாரித்தவர்கள் அதில் வைத்திருந்த அவசரப் பிரேக், கம்ப்யூட்டர் ஓட்டும் சமயத்தில் வேலை செய்யாதபடி நிறுத்தப்பட்டிருந்தது. முதலில் அப்படிப்பட்ட கார்களில் இரண்டு பேரை உட்காரவைத்த கம்பெனி, 2017-இன் பிற்பகுதியில் ஒருவர் போதும் என்று குறைத்துக்கொண்டது. உட்கார்ந்திருந்தவள் சாலையைக் கவனிக்கத் தவறியதே விபத்துக்குக் காரணம் என்று அந்தச் சபையும் சொல்லிற்று; ஆனால் அவளைப்போல் உட்கார்ந்திருப்பவர்களைக் கம்பெனி சரிவர மேற்பார்க்கவில்லை என்றும், யந்திரத்தை நம்பி அசந்துபோகும் சுபாவத்துக்கு ஒரு பரிகாரமும் செய்யவில்லை என்றும் கூடவே எழுதி வைத்தது.

வழக்கு என்னவாயிற்று? கம்பெனியின் பேரில் குற்ற வழக்குப் போட ஆதாரமில்லை என்று 2019 மார்ச் மாதத்தில் அரசாங்க வக்கீல் அறிவித்தார். ஆசனத்தில் இருந்தவள் பேரில் 2020-இல் வழக்குத் தொடரப்பட்டது. 2023 ஜூலையில் அவள், பிறருக்கு ஆபத்து உண்டாக்கினதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்று வருஷக் கண்காணிப்புத் தண்டனை பெற்றாள். சட்டப்பிரகாரம் காரியம் அங்கே தீர்ந்தது.

அவள் ஒப்புக்கொண்டதில் அநியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சாலையைப் பார்க்கச் சம்பளம் வாங்கியவள், பார்வையை வேறொன்றுக்குக் கொடுத்தாள். ஆனால் அவள் ஒருத்தியோடு கணக்கு முடிந்ததே, அங்கேதான் என் மனச்சாட்சி இடறுகிறது.

ஏனென்றால், ஒன்றும் நடவாத ஒன்றை மணிக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டிருப்பது மனித சுபாவத்துக்குக் கூடுமா என்ற கேள்விக்கு வெகு காலத்துக்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது. யுத்தகாலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் ராடார் திரை முன் உட்கார்ந்தவர்கள், எதிரியின் அடையாளம் திரையில் தெரிந்தும் தவறவிடுகிறார்கள் என்று கண்டு, நார்மன் மேக்வர்த் என்னும் மனோதத்துவ நிபுணர் ஒரு பரீட்சை வைத்தார். அதன் விவரம் 1948-இல் வெளிவந்தது. கடிகார முகப்புப் போன்ற ஒன்றில் ஒரு முள் விநாடிக்கு ஒரு தரம் துள்ளும். எப்போதாவது ஒரு தடவை இரட்டைத் துள்ளலாகத் துள்ளும். அதைக் கண்டவுடன் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். இரண்டு மணி நேரம் இதுதான் வேலை. நல்ல பார்வையும் நல்ல மனதும் உள்ள வாலிபர்களே முதல் அரை மணிக்குள் சோர்ந்து, துள்ளல்களைத் தவறவிட ஆரம்பித்தார்கள். சோம்பேறிகளா அவர்கள்? இல்லை. ஜெத்சமனித் தோட்டத்தில் அப்போஸ்தலர்கள் தூங்கியதும் கெட்ட மனதினாலன்று. ஒரு மணி நேர ஆராதனையில் முழந்தாட்படியிடுகிற என்னைப் போன்ற குருக்களுக்கும், பின் பெஞ்சில் இருக்கிற உங்களுக்கும், இதை மேக்வர்த் வந்து சொல்லவேண்டியதில்லை.

அப்படியிருக்க, அரை மணியில் தளரும் கண்ணை எட்டு மணி நேரத்துக்கு வாடகை பேசி, பக்கத்தில் இருந்த இரண்டாவது ஆளையும் செலவுக்கஞ்சி எடுத்துவிட்டு, 'பார்த்துக்கொள்' என்று உட்கார வைக்கிறவன், பின்னால் நடப்பதற்குச் சம்மதம் கொடுத்தவனா இல்லையா? குடிக்குமுன் வண்டிக்காரன் கொடுத்த சம்மதத்தைப்போலத்தான் இது எனக்குத் தோன்றுகிறது. தனக்குத் தெரியாது என்று அவன் சொல்லலாம். தெரிந்துகொள்ளக் கூடியதை, தெரிந்துகொள்ளக் கடமைப்பட்டவன் தெரிந்துகொள்ளாதிருந்தால், அந்த அறியாமை மன்னிப்புக்கு உதவாது. மோட்டார் கார் மோதினால், முன்பக்கம் நசுங்கி உள்ளிருப்பவரைக் காப்பாற்றும்படி அமைத்திருக்கிறார்கள். தானாக இயங்கும் யந்திரங்களில் மனிதனை அந்த நசுங்கும் பாகமாக வைத்து, கம்பெனியையும் யந்திரத்தையும் காப்பாற்றிக்கொள்கிறார்கள் என்று மாடலின் எலிஷ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எழுதியிருக்கிறார். வார்த்தை கடுமையானது, டெம்ப்பி வழக்கைப் படித்தபின் அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

நிற்க. பார்த்திருப்பவன் கண் அயராமல் பார்க்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அது போதுமா? யந்திரம் திடீரென்று கையை விட்டுவிட்டால், வாங்கிக்கொள்ளக் கை தயாராக இருக்கிறதா?

2009-ஆம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரீசுக்குப் புறப்பட்ட ஏர் பிரான்ஸ் 447-ம் விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தின்மேல் இரவில் போய்க்கொண்டிருந்தது. தலைமை விமானி ஓய்வுக்குப் போயிருந்தார். துணை விமானிகள் இருவர் இருந்தார்கள். விமானத்தின் வேகத்தை அளக்கும் வெளிக் குழாய்கள் பனிக்கட்டித் துகள்களால் அடைபட்டன. வேகம் தெரியாமற்போகவே, தானாக ஓட்டும் கருவி தன் பொறுப்பை விட்டு விலகி, விமானத்தை மனிதர் கையில் ஒப்படைத்தது. குழாய்கள் அடைபட்டிருந்தது ஒரு நிமிஷத்துக்கு உட்பட்ட நேரந்தான். விமானத்தை இருந்த நிலையிலேயே பிடித்திருந்தால் போதுமாயிருந்தது. ஆனால் ஓட்டியவர் மூக்கை மேலே தூக்கினார். விமானம் சுமார் 38,000 அடி மட்டும் ஏறி, இறக்கைகளின் பிடி போய், விழத் தொடங்கிற்று. அப்போதும் மூக்கைப் போதுமான அளவுக்குத் தாழ்த்தவில்லை. கருவி விலகியதிலிருந்து சமுத்திரத்தில் விழுந்தது மட்டும் 4 நிமிஷம் 23 விநாடி. 228 பேரும் இறந்தார்கள்.

அதில் எனக்கு உறங்கவொட்டாத ஒரு விவரம் உண்டு. விமானம் பிடியிழக்கிறது என்று ஓர் எச்சரிக்கை ஒலி ஒலித்துக்கொண்டிருந்தது. ஆனால் வேகம் மிகவும் குறைந்துபோனால், அளவை நம்ப முடியாதென்று அது பேசாமல் இருந்துவிடும். ஆகையால் அவர்கள் மூக்கைத் தாழ்த்திச் சரியானதைச் செய்ய ஆரம்பித்தபோது, வேகம் சற்றுக் கூடி, ஒலி மறுபடி எழும்பிற்று; மூக்கைத் தூக்கித் தவறு செய்தபோது அடங்கிற்று. நல்லது செய்தால் கடிந்துகொண்டு, கெட்டது செய்தால் மௌனமாயிருக்கும் ஆசிரியனிடம் நான்கு நிமிஷத்தில் யார் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

அவர்கள் கெட்டிக்காரர்கள் அல்ல என்று சொல்லிவிடக்கூடாது. அவ்வளவு உயரத்தில், வேகம் தெரியாத நிலையில், விமானத்தைக் கையால் ஓட்டும் பயிற்சி அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை. பழக்கம் செயலினால் வளரும், செயல் நின்றால் தேய்ந்து மறையும் என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதித்தது புண்ணியங்களுக்கும் கலைகளுக்கும் ஒருங்கே பொருந்தும். செபியாதவனுக்குச் செபம் மறந்துபோவதுபோல், ஓட்டாதவனுக்கு ஓட்டம் மறந்துபோகிறது. இது உணரப்படாமலும் இல்லை. சமயம் வாய்க்கும்போதெல்லாம் விமானிகளைக் கையால் ஓட்டிப் பழகச் செய்யுங்கள் என்று 2013 ஜனவரியில் அமெரிக்க விமான நிர்வாகம் தன் கம்பெனிகளுக்கு எழுதிற்று. அதற்கும் முப்பது வருஷத்துக்கு முன்பே, 1983-இல், லிசான் பெயின்பிரிட்ஜ் என்னும் மனோதத்துவ நிபுணர் ஒரு சிறு கட்டுரையில் காரியத்தின் வேரைப் பிடித்துவிட்டார். யந்திரத்தை அமைக்கிறவன், மனிதன் தவறுகிறவன் என்று நினைத்து அவனை வேலையிலிருந்து நீக்குகிறான். ஆனால் யந்திரத்துக்குச் செய்ய வராத பாகத்தை அதே மனிதன் தலையில் விட்டுவிடுகிறான். அதாவது, இலேசானதையெல்லாம் யந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, மிகவும் கஷ்டமானதை, மிகவும் மோசமான நேரத்தில், பழக்கமில்லாத கையில் வைக்கிறோம். யந்திரம் எவ்வளவுக்கு அரிதாகப் பழுதுபடுமோ, அவ்வளவுக்கு அதிகமாக மனிதனைப் பழக்கவேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். நடைமுறையில் நாம் செய்வது நேர் விரோதம்.

நான் கண்ட வாலிபனுடைய பாட்டனார் ரயில்வேயில் ஃபயர்மேனாக இருந்தவர். எஞ்சினில் நின்று கரி அள்ளிப் போட்டவர். ஒவ்வொரு அள்ளும் அவருக்கு ஒரு பாடம். தீயின் நிறத்தைப் பார்த்துக் காற்றையும், எஞ்சினின் மூச்சைக் கேட்டு ஏற்றத்தையும் அறிவார். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அவர் முகத்துக்கு நேரே இருக்கும். அது குறைந்து நெருப்பறையின் உச்சித் தகடு வெளிப்பட்டால், உயிருக்கே ஆபத்து என்று அவருக்குத் தெரியும். அந்த வேலை முதுகை ஒடிக்கிற வேலை. யாரும் அதைத் திரும்பக் கேட்கவேண்டாம். ஆனால் அவருக்கு இருந்த ஒன்று பேரனுக்கு இல்லை. பேரனுக்கும் பாய்லரில் தண்ணீர் மட்டம்தான் உயிர்நிலை. அவனோ அதை ஒரு திரையில் எண்ணாக மட்டும் காண்கிறான்.

எண் பொய் சொன்னால்? அதுவும் நடந்திருக்கிறது. 1979 மார்ச் 28-ந் தேதி விடியற்காலை நாலு மணிக்கு, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்து, மூடாமல் சிக்கிக்கொண்டது. உலையைக் குளிரச் செய்யும் தண்ணீர் அதன் வழியே போய்க்கொண்டிருந்தது. கன்ட்ரோல் ரூமிலோ, வால்வு மூடிவிட்டதுபோல விளக்குக் காட்டிற்று. உள்ளபடியே அந்த விளக்குக்கு வால்வைத் தெரியாது. மூடு என்ற கட்டளை போயிற்றா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். வேறொரு அளவுகோல் தண்ணீர் மிஞ்சியிருப்பதாகக் காட்டவே, அங்கிருந்தவர்கள் தானாகப் பாய்ந்துகொண்டிருந்த அவசரத் தண்ணீரையும் குறைத்துவிட்டார்கள். முதல் சில நிமிஷங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் ஒலித்தனவாம். எதைக் கேட்பது? வால்வு சிக்கியதைக் கண்டுபிடித்து அடைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் உலையின் உட்பாகம் பாழாகத் தொடங்கிவிட்டது. அதில் ஏறக்குறையப் பாதி உருகியிருந்ததாகப் பின்னால் கண்டார்கள்.

இதற்கு எதிரிடையாக ஒருவரைச் சொல்லவேண்டும். 1983 செப்டம்பர் 26-ந் தேதி நள்ளிரவுக்குப் பின், மாஸ்கோவுக்குத் தெற்கே ஒரு கண்காணிப்பு நிலையத்தில் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ் என்னும் சோவியத் அதிகாரி இருந்தார். அமெரிக்கா ஐந்து ஏவுகணைகளை விட்டுவிட்டதாக யந்திரம் அறிவித்தது. அதை அப்படியே மேலே சொல்லுவது அவருடைய கடமை. அவரோ யோசித்தார். யுத்தம் தொடங்குகிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணைகளோடா தொடங்குவான்? யந்திரமும் புதிது, முற்றிலும் நம்பத் தகுந்ததல்ல என்று அவருக்குத் தெரியும். தரையிலுள்ள ராடார்களிலும் ஒன்றும் காணோம். பொய் அறிவிப்பு என்றே மேலிடத்துக்குச் சொன்னார். மேகங்களின்மேல் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியை யந்திரம் நெருப்பு என்று எண்ணிவிட்டது என்பது பிறகு தெரிந்தது. அந்த இரவுக் குறிப்பேட்டைச் சரியாக எழுதவில்லை என்று அவர் கண்டிக்கப்பட்டார்! 2017-இல் இறந்தார்.

அவர் கண்ணால் ஜெயிக்கவில்லை. கண்ட மட்டும் யந்திரத்தின் திரையைத்தான் கண்டார். யந்திரம் எப்படிக் காண்கிறது, எங்கே தவறும் என்பதை அறிந்திருந்தார். அதோடு, இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது.

ஆகையால் அந்த வாலிபன் அறைவீட்டுக்கு வந்தபோது, முதலில் நானே அவனைக் கேட்டேன்: "உன் மேசையில் எல்லாவற்றையும் நிறுத்துகிற பொத்தான் உண்டா?"

"உண்டு சாமி. சிவப்புப் பொத்தான்."

"உனக்குச் சந்தேகம் வந்தால் அழுத்துவாயா?"

வெகு நேரம் பேசாமலிருந்தான். பிறகு ஓர் இரவு நடந்ததைச் சொன்னான். தண்ணீர் மட்டத்தை அளக்க மூன்று கருவிகள் இருக்கின்றன; மூன்றில் இரண்டு சொல்லுவதைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு ஒன்று மட்டும் அபாயமான அளவுக்குக் குறைவாகக் காட்டிற்று. மற்ற இரண்டும் சரி என்றன. கம்ப்யூட்டரும் சரி என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒன்று உண்மையானால் பாய்லர் குழாய்கள் வெந்துபோகும், கீழே ஆட்கள் இருக்கிறார்கள். வாக்கிடாக்கியில் ஓர் உதவியாளை மேலே அனுப்பி, டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னான். அவர் ஏறிப் பார்த்துச் சொல்லுமட்டும் விரல் பொத்தானின்மேல். அழுத்தவில்லை. இரண்டு கருவிகள் சொன்னதே சரி என்று தெரிந்தது.

"ஏன் அழுத்தவில்லை?" என்று கேட்டேன்.

"அழுத்தினால் திரும்பக் கொளுத்தி மின்சாரம் கொடுக்கப் பல மணி நேரமாகும் சாமி. எண்ணெய்ச் செலவு வேறே. காலையில் மெமோ வரும். அநாவசியமாய் நிறுத்தினவன் பேர் எல்லாருக்கும் தெரியும். நிறுத்தினதால் என்ன நடக்காமல் போயிற்று என்பது ஒருத்தருக்கும் தெரியாது. நான் கான்ட்ராக்ட் ஆள்."

வாசகரே, இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். பொத்தானும் அவனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. குற்றமும் அவன் பேரில் எழுதப்படும். ஆனால் பொத்தானை அழுத்தும் சுதந்திரத்தை மெமோ என்ற ஒரு காகிதம் எடுத்துக்கொண்டுவிட்டது. அறிவும் சம்மதமும் இல்லாமல் குற்றம் இல்லை என்கிறோம். பயத்தினால் பாதி கட்டப்பட்ட சம்மதம் எந்தக் கணக்கு? அந்தக் கட்டைப் போட்டவனுக்கு அதில் பங்கில்லையா? தொழில் நடத்துகிறவர்களும் இந்தப் பங்கில் உண்டு. இதை வாசிக்கிறார்கள் என்றும் அறிவேன். உங்கள் ஆலையில், நல்ல மனதோடு யந்திரத்தை நிறுத்தியவன் கடைசியாக எப்போது பாராட்டப்பட்டான் என்று யோசித்துப் பாருங்கள்.

அவனுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கண்ணைக் கைபேசிக்குக் கொடுத்தால் அது உன் குற்றம், அதில் வாதமில்லை. எட்டு மணி நேரம் ஒரே கூர்மையோடு பார்க்க முடியாமற்போனால், அது குற்றமன்று, நீ மனிதன் என்பதற்கு அத்தாட்சி. உனக்குக் கற்றுக்கொடுக்காததை ஆபத்துச் சமயத்தில் நீ அறியாதிருந்தால், அதுவும் உன்னுடையதன்று. ஆனால் முடியவில்லை என்று தெரிந்தும், கற்றுக்கொடுக்கவில்லை என்று தெரிந்தும், வாயைத் திறவாமல் மாதம் தவறாமல் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தால், அங்கே உன் பங்கு துவங்குகிறது. நீயும் அப்போது காரணத்தில் சம்மதிக்கிறாய்.

"சொன்னால் வேலை போகலாம் சாமி" என்றான். தங்கையின் கலியாணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் பாதி நிற்கிறது என்றும் சொன்னான்.

இதற்கு இலேசான பதில் என்னிடம் இல்லை. பெரிய நஷ்டம் வரும்போது சில கடமைகள் கட்டுப்படுத்தாமல் போகும் என்பதும் நாங்கள் படித்த பாடந்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரமுடியாத நோயாளிக்கு அதைச் சொல்லி ஆறுதல்படுத்துகிறோம். ஆனால் பிறர் உயிர் காரியத்தில் அந்தச் சலுகை வெகு தூரம் வராது. பாய்லருக்குக் கீழே நிற்கிறவர்களுக்கும் கடன் உண்டு, தங்கைகள் உண்டு. மாதம் முதல் தேதி சம்பளத்தை யாரும் நிறுத்தாத அறைவீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. ஆனாலும் சொன்னேன். தனியாகப் போகாதே, கூட வேலை செய்கிறவர்களையும் சேர்த்துக்கொள், கோபமில்லாமல் எழுத்தில் கேள் என்று மட்டும் கூட்டிச் சொன்னேன்.

இது அவன் ஒருவன் காரியமென்று நினைக்கவேண்டாம். ஆஸ்பத்திரியில் எட்டுப் படுக்கைகளின் கருவிகள் ஓயாமல் கூவ, எது மெய்க்கூவல் என்று தெரியாமல் ஓடும் நர்சு உங்கள் மகளாயிருக்கலாம். கடன் கொடுக்கலாமா என்று கம்ப்யூட்டர் தீர்மானித்தபின், அதன்கீழ்க் கையெழுத்து மட்டும் போடும் பாங்கி குமாஸ்தா உங்கள் மருமகனாயிருக்கலாம். கையெழுத்து அவனுடையது, தீர்மானம் யாருடையது?

அந்த வாலிபன் மனு எழுதினான். மூன்று கேட்டிருந்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தரமாவது பாய்லரைப் போலவே இயங்கும் பயிற்சி யந்திரத்தில் பழக இரண்டு நாள். இராத்திரியில் மேசைக்கு இன்னொரு ஆள், மணிக்கொரு தரம் மாறிக்கொள்ள. நல்ல மனதோடு நிறுத்தினவனுக்கு மெமோ இல்லை என்று எழுத்தில் ஒரு வரி. என்னிடம் காட்டினான்; ஒரு வார்த்தையும் நான் மாற்றவில்லை. கூட இருப்பவர்களில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள், பார்ப்போம் என்றார்களாம்.

நான்கு மாதம் ஆயிற்று. சென்ற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் விசாரித்தேன். பதில் வரவில்லை, வேலையும் போகவில்லை.

"ஒன்று மட்டும் நானாகச் செய்கிறேன் சாமி" என்றான். "ஷிப்டு ஏறுவதற்கு அரை மணிக்கு முன்பே போய்விடுகிறேன். மேலே ஏறி, கண்ணாடியில் தண்ணீரை என் கண்ணாலே பார்த்துவிட்டு, அப்புறம்தான் இறங்கி வந்து மேசையில் உட்காருகிறேன்."

மேலே போக லிப்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், பாதி நாள் ஓடுவதில்லையாம்.